ஆழ்கடல் அட்டைகளைப் பற்றிப் பேசலாம், முடிச்சுகளை எடுப்பதற்கு முன்

கோரிமேடு டீச்சர் எழுதியது:

முட்தோலிகள் என்றதும் நம் பாடநூல் நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடல் அல்லி, கடல் அட்டை என்று ஐந்து வகுப்புகளின் பெயரைச் சொல்லி, நட்சத்திர மீனின் நீர்க்குழல் மண்டலத்தை வரையச் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. உலகில் உயிரோடு இருக்கும் முட்தோலி இனங்கள் ஏறத்தாழ 7,000. அவற்றில் ஒன்றுகூட ஆற்றிலோ ஏரியிலோ இல்லை, எல்லாம் கடல்வாசிகள். சேலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொகுதி முழுவதுமே கண்ணால் காணாத ஒன்று. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விலங்குகள் இவை.

கடல் அட்டை இனங்கள் மட்டும் சுமார் 1,700. ராமேசுவரம் பக்கம் கரையோரத்தில் கிடப்பவற்றைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அவற்றின் ஆழ்கடல் உறவினர்களை. எலாசிபோடிடா என்று ஒரு வரிசை உண்டு. ஏறக்குறைய முழுவதும் ஆழ்கடலுக்கே உரியது. கடல்பன்றி எனப்படும் ஸ்கோடோபிளேன்ஸ் இதைச் சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு, இளஞ்சிவப்பு நிறம், கண்ணாடி போன்ற தோல். குழாய்க்கால்கள் பருத்து உண்மையான கால்களைப் போலவே இருக்கும். அந்தக் கால்களுக்குள் நீரை ஏற்றி இறக்கியே சேற்றின் மேல் நடக்கிறது. முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு போன்றவையும் உருமாறிய குழாய்க்கால்களே. கூட்டமாக, பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்நோக்கியபடி நிற்கும். மேலிருந்து புதிதாக விழுந்த உணவின் வாசனையை நீரோட்டம் கொண்டுவருவதால் அப்படி நிற்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், இளம் அரச நண்டுகள் இவற்றின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு வாழ்வது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மறைவிடம் எதுவும் இல்லாத வெற்றுச் சேற்றுவெளியில் அந்த நண்டுக் குஞ்சுக்கு வேறு கூரை இல்லை.

எனிப்னியாஸ்டெஸ் என்ற இன்னோர் ஆழ்கடல் அட்டை நீந்தும். உடலின் முன்பகுதியில் விரியும் சவ்வை அடித்துக்கொண்டு தரையைவிட்டு எழும்பும், மிதக்கும், மறுபடி இறங்கிச் சேறு தின்னும். செந்நிறத் தோலின் ஊடே குடல் வளைந்து செல்வது தெரியும். எதிரி தொட்டால் அந்தத் தோல் ஒளிர்ந்தபடியே உரிந்து எதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் ஒளி பூசப்பட்ட வேட்டைக்காரன் தானே மற்றவர்களுக்கு இலக்காகிவிடுகிறான். பெலகோதூரியா இன்னும் ஒரு படி மேலே போய், தரையே வேண்டாம் என்று முழுவாழ்வையும் நீரில் மிதந்தே கழிக்கிறது. சைக்ரோபோட்டஸ் என்பதற்கு வால் பக்கத்தில் பாய்மரம் போல ஒரு தசைத் தகடு நிமிர்ந்து நிற்கும். ஊதா நிறத்திலும் மஞ்சளிலும் உண்டு. அதன் முட்டை 4 மில்லிமீட்டருக்கு மேல், முட்தோலிகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இவற்றைப் பற்றிய பேச்சு இப்போது எதற்கு என்றால், கடலடிச் சேற்றில் கிடக்கும் முடிச்சுகள் எனப்படும் உலோகக் கற்களைத் தேடி நம் நாடு ஆழ்கடலுக்கு இறங்கத் தயாராகிறது. இறங்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குரும்பப்பட்டி மயில் எழுதியது:

டீச்சர், நான் பதினொன்றாம் வகுப்பு. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று இயற்பியலில் படித்தோம். 5,000 மீட்டரில் 500 மடங்கு வரும். மனிதர் இறங்கும் கலத்துக்கே தடித்த டைட்டானியம் கோளம் செய்கிறார்கள். எலும்பே இல்லாத இந்த விலங்கு எப்படி நசுங்காமல் இருக்கிறது?

கோரிமேடு டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. நசுங்குவது காற்று. நம் நாடு ஆழ்கடலுக்காக உருவாக்கும் மத்சயா 6000 கலத்தின் கோளத்துக்குள் மூன்று பேர் மூச்சுவிடக் காற்று வேண்டும், உள்ளே நாம் வாழும் அழுத்தமே இருக்க வேண்டும். அதனால்தான் 80 மில்லிமீட்டர் தடிமன். கடல் அட்டைக்குள் காற்றறை எதுவும் கிடையாது. உடல் பெரும்பாலும் நீர். வெளியே உள்ள அழுத்தமே உள்ளேயும் இருப்பதால் நசுக்க எதுவும் இல்லை. உயிரணுக்களில் இருக்கும் புரதங்களும் சவ்வுகளும் அந்த அழுத்தத்தில் வேலை செய்யப் பழகியிருக்க வேண்டும், அது தனிக் கதை.

மூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரையோர அட்டைகள் பின்துளை வழியாக நீரை உள்ளிழுத்து, சுவாச மரம் என்ற கிளைவிட்ட உறுப்பால் ஆக்சிஜனை எடுக்கின்றன. எலாசிபோடிடா வரிசையில் அந்த மரமே இல்லை. மெல்லிய உடல்சுவர் வழியாகவே போதுமான ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறது. குளிர்ந்த நீர், மெதுவான வாழ்க்கை, தேவை குறைவு.

ஆனால் இதே மென்மைதான் அறிவியலுக்குப் பெரிய தடையாக இருந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலின் வலையில் இவை ஏராளமாக வந்தன. ஸ்வீடனைச் சேர்ந்த யால்மார் தேயெல் அவற்றை விவரித்தார். வலையில் கிலோமீட்டர் கணக்கில் இழுபட்டு மேலே வந்த உடல் நிறமிழந்து, சுருங்கி, பல நேரம் வெறும் கூழாக இருக்கும். அதைச் சாராயத்தில் போட்டு வைத்துப் பெயரிட்டார்கள். உயிரோடு எப்படி நிற்கிறது, நடக்கிறது, நீந்துகிறது என்பதெல்லாம் ஆழ்கடல் கேமராக்கள் வந்த பிறகே தெரிந்தது.

பாம்பன் கரை எழுதியது:

வணக்கம் டீச்சர். சூரமங்கலத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிறந்தது பாம்பன் பக்கம். எங்கள் வீட்டில் சங்கு குளித்தவர்கள் உண்டு, சங்கோடு அட்டையும் எடுப்பார்கள். குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடி வேகவைத்துக் காயவைப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை. எல்லாம் சிங்கப்பூர், சீனா என்று போய்விடும்.

2001-இல் எல்லா அட்டை இனங்களையும் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் கிடைத்தது. அட்டை அழிந்துகொண்டிருந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு வழி காட்டாமல் ஒரே நாளில் கதவைச் சாத்தியதும் உண்மை. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கிறார்கள். இக்கரையில் எடுத்தால் சிறை. தடையை நீக்கச் சொல்லி எங்கள் மக்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1988-இலேயே வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டினார்கள். அந்த வழியில் அப்போதே பெரிதாக இறங்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இங்கே என் கேள்வி ஒன்றுதான். கரையில் ஒரு மீனவன் பத்து அட்டையை எடுத்தால் முதல் அட்டவணைக் குற்றம். ஆழ்கடலில் ஒரு இயந்திரம் சேற்றையே வாரிக்கொண்டு போனால் அதற்கு எந்த அட்டவணை?

அஸ்தம்பட்டி சுரங்கவாசி எழுதியது:

நான் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அதனால் சுரங்கம் என்றாலே பாவம் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். சேலத்து மாக்னசைட் இல்லாமல் உருக்காலை உலைகளுக்கு உள்செங்கல் ஏது? இந்த ஊரில் எத்தனை வீடுகளில் அந்த உழைப்பால் அடுப்பு எரிந்தது?

மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராயும் உரிமை நமக்கு இருக்கிறது. சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு 2002-இல் ஒப்பந்தம் ஆனது. அங்கே 38 கோடி டன் பல்லுலோக முடிச்சுகள் இருப்பதாக மதிப்பீடு. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட். மின்சாரப் பேருந்து வேண்டும் என்கிறோம், புகையில்லாத ஊர் வேண்டும் என்கிறோம். பேட்டரிக்கு உலோகம் எங்கிருந்து வரும்? காட்டையும் ஊரையும் பெயர்த்து நிலத்தில் தோண்டுவதைவிட, மனிதனே இல்லாத கடலடியில் சும்மா கிடக்கும் கல்லைப் பொறுக்குவதில் தீமை குறைவு என்றே நினைக்கிறேன். அட்டைகள் நடமாடும் விலங்குதானே, கொஞ்ச காலத்தில் திரும்ப வந்துவிடாதா? டீச்சர் விளக்க வேண்டும்.

நாகலூர் காப்பித்தோட்டம் எழுதியது:

ஐயா, நீங்கள் பள்ளத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் மலைமேல் இருந்து பேசுகிறேன். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய இடங்களை என்னோடு வந்து பாருங்கள். அங்கே பாறையைப் போலவே மேல்மண்ணும் போனது. மரம் நட்டார்கள், மரம் நிற்கிறது. ஆனால் தோட்டத்து நிழலில் உதிர்ந்த இலையை மண்ணாக்கும் புழு பூச்சிகள் அந்த இடத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று ஒரு மண்வெட்டி போட்டாலே தெரிந்துவிடும்.

டீச்சர் சொல்லும் அட்டைகள் கடலடியில் செய்வதும் எங்கள் தோட்டத்து மண்புழு செய்யும் வேலைதான் என்று எனக்குப் படுகிறது. சரியா டீச்சர்?

கோரிமேடு டீச்சர் எழுதியது:

சரிதான் அண்ணா. மேலே வெயில்படும் நீரில் வளரும் நுண்ணுயிர்களின் சடலமும் கழிவும் துகள் துகளாக வாரக்கணக்கில் கீழே இறங்குகின்றன. கடல்பனி என்பார்கள். வழியிலேயே பெரும்பகுதியை மற்றவை தின்றுவிட, மிகச் சிறு பங்குதான் அடியைத் தொடுகிறது. அந்தச் சிறு பங்கை அட்டைகள் சேற்றோடு விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு, சேற்றைப் புரட்டிப் போடுகின்றன. கரிமத்தில் எவ்வளவு மறுபடி நீருக்குத் திரும்பும், எவ்வளவு சேற்றில் புதையும் என்பதில் இவற்றின் வாய்க்குப் பங்கு உண்டு.

மேலே நடக்கும் மாற்றம் கீழே எவ்வளவு வேகமாகப் போய்ச் சேரும் என்பதற்கு ஒரு சான்று. அயர்லாந்துக்குத் தென்மேற்கே போர்குபைன் ஆழ்கடல் சமவெளி என்று ஓர் இடம், ஆழம் 4,850 மீட்டர். பல ஆண்டுகளாகக் கண்காணிக்கிறார்கள். அங்கே அம்பெரிமா ரோசியா என்ற சிறிய அட்டை எப்போதாவது ஒன்று கண்ணில் படும். 1996 வாக்கில் அது நூறு மடங்குக்கு மேல் பெருகியது. மேலிருந்து விழும் உணவின் அளவும் தன்மையும் மாறியதே காரணம் என்று கருதுகிறார்கள். என்றும் மாறாத அமைதிப் பாழ்வெளி என்று நாம் நினைத்திருந்த இடம் அது.

இப்போது சுரங்கவாசி ஐயாவின் கேள்வி. ஐயா, உங்கள் கேள்வியில் ஒரு பாதிக்கு விடை உங்கள் பக்கமே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1989-இல் பெருவுக்கு அப்பால் பசிபிக்கில், 4,000 மீட்டருக்கும் கீழே, ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடலடியை வேண்டுமென்றே உழுது பார்த்தார்கள். 2015-இல் திரும்பப் போனபோது கடல் அட்டைகளின் எண்ணிக்கை பக்கத்து உழாத இடத்துக்கு ஏறத்தாழ ஈடாகிவிட்டிருந்தது. நீங்கள் சொன்னதுபோல அவை நடமாடும் விலங்குகள், வந்துவிட்டன.

உழுத தடங்களோ 26 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே கிடந்தன. ஒட்டி வாழும் உயிர்கள் மீளவில்லை. முடிச்சுக் கல் வெறும் கல் அல்ல ஐயா. சேறு மட்டுமே உள்ள வெளியில் கடினமான தரை அது ஒன்றுதான். கடற்பஞ்சும் பவளமும் அதில் வேர்பிடிக்கின்றன, நொறுங்கு நட்சத்திரங்கள் அந்தப் பஞ்சின் தண்டில் ஏறி நிற்கின்றன. அந்தக் கல் வளர்வது பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். எடுத்த கல்லுக்கு மாற்றாக மனித குலம் இருக்கும் காலத்தில் இன்னொரு கல் வராது. அந்தச் சோதனையில் உழுதார்களே தவிர முடிச்சுகளை அள்ளிக்கொண்டு போகவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. திரும்பி வந்தவை அதே இனம்தானா? சைக்ரோபோட்டஸ் லாங்கிகாடா என்று ஒரே பெயரில் எல்லாப் பெருங்கடல்களிலும் குறித்து வந்தார்கள். 2017-இல் மரபணுவை ஒப்பிட்டபோது அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. பசிபிக்கின் கிளாரியன் கிளிப்பர்டன் வலயம்தான் முடிச்சுகளுக்காக மிக அதிகம் ஆராயப்பட்ட இடம். அங்கே இருப்பதாக 2023-இல் கணக்கிடப்பட்ட 5,578 விலங்கினங்களில் பத்துக்கு ஒன்பது அறிவியல் பெயரே இல்லாதவை. நன்கு ஆராய்ந்த இடத்தின் நிலை அது.

நம் படுகை எங்கே நிற்கிறது? 1905-இலேயே கேலர், வானே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், இன்வெஸ்டிகேட்டர் கப்பல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் எடுத்த ஆழ்கடல் அட்டைகளை விவரித்தார்கள். 1997-இல் நம்மவர்களே முடிச்சுப் படுகையில் சேற்றைக் கிளறிச் சோதனை செய்தார்கள். ஆக, தொடக்கம் இருக்கிறது. ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புதலான 4,077 கோடி ரூபாயில் பல்லுயிர் ஆய்வும் ஓர் அங்கம். அந்த அங்கம் சுரங்க இயந்திரத்துக்குப் பின்னால் ஓடிவரும் வேலையாக ஆகிவிடக்கூடாது. முதலில் பெயர், பிறகு கல். என் கோரிக்கை இவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி சுரங்கவாசி எழுதியது:

தடம் 26 ஆண்டுகள் அழியவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி டீச்சர், யோசிக்க வைக்கிறது. ஆனாலும் உலோகத் தேவை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. "எடுக்காதே" என்று சொல்பவர்கள் பழைய பேட்டரியிலிருந்து உலோகத்தை மீட்பதற்கும் அதே அழுத்தம் கொடுக்க வேண்டும். சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோண்டுவதற்கு முன் துளையிட்டு மாதிரி எடுத்து, பாறையை அடுக்கடுக்காகப் பெயர் எழுதி வைப்போம். உயிருக்கும் அதே பதிவேடு வேண்டும் என்று நீங்கள் கேட்டால் என்னால் மறுக்க முடியாது. எந்த ஆழத்தில், எந்தக் கட்டத்தில், எத்தனை என்று எழுதாமல் இயந்திரத்தை இறக்கக்கூடாது. அதை ஒப்பந்த விதியாகவே போட வேண்டும்.

குரும்பப்பட்டி மயில் எழுதியது:

டீச்சர், அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறீர்களே, மற்ற நான்கு வகுப்புகளும் ஆழ்கடலில் உண்டா?

கோரிமேடு டீச்சர் எழுதியது:

எல்லாம் உண்டு. ஆழ்கடலில் உயிர் உண்டு என்று உலகை நம்பவைத்ததே முட்தோலிகள்தான்.

1840-களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் ஏஜியன் கடலில் வலைவீசிப் பார்த்துவிட்டு, 300 பாகத்துக்கு, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிர் இராது என்று கருதினார். 1860-இல் வட அட்லாண்டிக்கில் தந்திக் கம்பிப் பாதைக்காக ஆழம் பார்த்துக்கொண்டிருந்த புல்டாக் கப்பலின் கயிற்றைப் பற்றிக்கொண்டு நொறுங்கு நட்சத்திரங்கள் மேலே வந்தன. அங்கே ஆழம் 1,260 பாகம். கூடச் சென்ற இயற்கை ஆய்வாளர் வாலிச் எழுதியும் பலர் நம்பவில்லை. பிறகு நார்வேயின் லொஃபோடன் தீவுகளருகே, ஃபோர்ப்ஸ் கோடு போட்ட அந்த ஆழத்திலிருந்தே, தண்டுள்ள கடல் அல்லி ஒன்று கிடைத்தது. மைக்கேல் சார்ஸ் அதை 1868-இல் விவரித்தார். அதன் உறவினர்களைப் புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்த காலம் அது. சேலஞ்சர் பயணத்துக்கு வழிவகுத்த தூண்டுதல்களில் அந்தச் சிறு அல்லிக்குப் பெரிய இடம் உண்டு.

அல்லி என்றதும் நட்ட இடத்தில் நிற்கும் என்று நினைக்காதே. தண்டுள்ள அல்லிகள் தண்டை முறித்துக்கொண்டு, கைகளால் தரையைப் பற்றித் தவழ்ந்து போவதைக் கேமராவில் பார்த்திருக்கிறார்கள். தின்ன வரும் கடல் முள்ளெலியிடமிருந்து தப்பும் வழி அது. முள்ளெலிகளிலும் ஆழத்துக்கென்று புட்டி வடிவ பூர்டலேசியா இருக்கிறது, ஓடு வளைந்து கொடுக்கும் தோல் முள்ளெலிகள் இருக்கின்றன. மேலே எடுத்தால் அவை தட்டையாகிவிடும். நியூசிலாந்துக்குத் தெற்கே மக்குவாரி முகட்டின் ஒரு கடலடி மலையுச்சியில் நொறுங்கு நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் கையோடு கை கோத்து நிற்பதை 2008-இல் அறிவித்தார்கள்.

ஸைலோபிளாக்ஸையும் சொல்ல வேண்டும். கடலில் மூழ்கிய மரக்கட்டையில் வாழும், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வட்டத் தட்டு. 1986-இல் நியூசிலாந்துக் கடலில் கண்டுபிடித்தபோது முட்தோலிகளுக்கு ஆறாவது வகுப்பையே உருவாக்கினார்கள். பிறகு அது நட்சத்திர மீன் குடும்பத்தின் உருமாறிய பிள்ளை என்று தெளிந்தது.

ஆனால் ஆழம் கூடக் கூட அட்டைகளின் கைதான் ஓங்குகிறது. 4,000, 5,000 மீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு நீரில் கரையும். கனமான சுண்ணக்கூடு கட்டும் விலங்குகளுக்கு அது கடினமான இடம். அட்டையின் சுண்ணச் சட்டமோ தோலில் சிதறிய நுண்துகள்கள் மட்டும். 1951-இல் டென்மார்க்கின் கலத்தியா கப்பல் பிலிப்பைன்ஸ் அகழியில் 10,000 மீட்டருக்கும் கீழே இழுத்த வலையிலும் கடல் அட்டைகள் இருந்தன.

நாகலூர் காப்பித்தோட்டம் எழுதியது:

எங்கள் மலைப்பாறையில் இப்படிப் புதைபடிவம் ஏதாவது கிடைக்குமா?

கோரிமேடு டீச்சர் எழுதியது:

கிடைக்காது அண்ணா. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, முட்தோலிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. நமக்குப் பக்கம் அரியலூரும் பெரம்பலூரும்தான். கிரெட்டேசியக் காலத்தில் கடல் அங்கே வந்து போயிற்று. அந்தப் படிவுகளின் முள்ளெலிகளை 1870-களில் ஸ்டோலிச்கா விவரித்தார். சிமென்ட் ஆலைகளுக்காக அந்தச் சுண்ணாம்புக் கல்லும் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பாம்பன் கரை எழுதியது:

என் கேள்வி விடுபட்டுவிட்டது டீச்சர். எந்த அட்டவணை?

கோரிமேடு டீச்சர் எழுதியது:

விடவில்லை தம்பி, சரியாகச் சொல்ல வேண்டுமே என்று வைத்திருந்தேன். முடிச்சுப் படுகை நம் நாட்டு எல்லைக்குள் இல்லை, சர்வதேசக் கடற்பரப்பு. அங்கே பொறுப்பு கடற்படுகை ஆணையத்துக்கு. வணிக முறையில் கடலடியைத் தோண்டுவதற்கான விதிகளை அது பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பல நாடுகள் இடைக்காலத் தடை கேட்கின்றன. உங்கள் கரையில் பத்து அட்டைக்கு இருக்கும் சட்டக் கூர்மை அங்கே இல்லை. உங்கள் மனக்குறை நியாயமானது. இரண்டு இடத்திலும் கணக்கெடுத்து முடிவு செய்ய வேண்டும் என்றே நானும் கேட்கிறேன். கரையில் மீனவரையும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும்.

குரும்பப்பட்டி மயில் எழுதியது:

இனத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும் டீச்சர். சேலத்தில் இருந்துகொண்டே முடியுமா?

கோரிமேடு டீச்சர் எழுதியது:

முடியும். நான் சொன்ன சுண்ணத் துகள்கள்தான் முதல் பாடம். தோலின் சிறு துண்டைப் பிளீச் எனும் வெளுப்புத் திரவத்தில் போட்டால் சதை கரைந்து துகள்கள் அடியில் தங்கும். நுண்ணோக்கியில் மேசை, பொத்தான், நங்கூரம், சக்கரம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வடிவம். பெரும்பாலும் அவற்றை வைத்தே இனத்தைப் பிரிக்கிறார்கள். முதல் அட்டவணை விலங்கு என்பதால் புதிதாக யாரும் கொண்டுவரக் கூடாது, வாங்கவும் கூடாது. எங்கள் துறையில் தடைக்கு முந்தைய பழைய கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன, பென்சிலும் கோடு போடாத நோட்டும் போதும். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, உன் பள்ளி ஆசிரியரோடு சனிக்கிழமை காலை வா. பாம்பன் தம்பிக்கும் நேரம் இருந்தால் வரலாம், வெள்ளை அட்டையைத் தொட்டுப் பார்த்தவர் அங்கே இருப்பது நல்லது.